செண்டுப் புட்டிக்கு ஓர் அளவுத்தாள்

நல்லெண்ணெய்ப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்கிறார் ராஜரத்தினம். காலை ஆறே முக்கால் மணி. இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. புட்டியின் ஓரத்தில், ரம்பப் பல் போல வெட்டிய வெள்ளைத்தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் தண்ணி மருந்து வாங்கியவர்களுக்கு அந்தத் தாள் தெரியும். வேளைக்கு ஒரு பல். நேற்று ஏழாம் பல்லில் இருந்த எண்ணெய் இன்று ஆறரையில் நிற்கிறது. அவர் வாய் திறக்குமுன்பே அடுப்படியிலிருந்து பதில் வந்துவிடுகிறது.

"நேத்து ராத்திரி நீங்க தின்ன தோசை ஏழு."

பதில் சொன்னவர் மனைவி பாக்கியலட்சுமி. பதினாறு வருடப் பழக்கம்.

காஜா பெராங் வட்டாரத்தில் ராஜரத்தினம் என்று கேட்டால் நாலு வீடு தள்ளியிருப்பவருக்குக்கூடத் தெரியாது. டிரஸ்ஸர் என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும். அரசாங்க மருந்தகத்தின் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாகப் புட்டி நிரப்புகிறார். கார்பாலிக் நெடியில் மூக்கு பாதி மரத்துவிட்டது. ஆனால் கண் இருக்கிறதே, அது ஒரு சொட்டை ஏமாற்ற விடாது. வீட்டில் நெய், தேன், மண்ணெண்ணெய், சாமி விளக்கு எண்ணெய் எல்லாவற்றுக்கும் அளவுத்தாள் உண்டு. ஏதாவது சரிப்படவில்லை என்றால் வலது ஆள்காட்டி விரலால் மீசையை இடமும் வலமுமாக நீவிக்கொண்டு, "எங்கயோ இடிக்குதே" என்பார். ரொட்டிக்காரர் சிரித்தால் இடிக்கும். சிரிக்காவிட்டாலும் இடிக்கும். அந்த ஐம்பத்தேழாம் வருடம், ஆகஸ்டு கடைசியில் மெர்டேக்கா, சுதந்திரம் என்று ஊரே துள்ளியபோதுகூட அவர் மீசையைத்தான் நீவினார். "வெள்ளைக்காரன் சும்மாவா குடுப்பான்? எங்கயோ இடிக்குதே."

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு செண்டுப் புட்டி வந்தால் என்ன ஆகும்?

வந்தது மே மாதத்தில். சீமைக்குத் திரும்பிப்போன ஆஸ்பத்திரி மேட்ரன் துரைசானி, தனக்கு எத்தனையோ வருடம் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுத்த பாக்கியலட்சுமியின் கையில் அதை வைத்து அழுத்திவிட்டுப் போனார். கட்டைவிரல் உயரம். முக்கால் புட்டி இருந்தது. உள்ளிருந்த செண்டு வெளிறிய ரோஜா நிறம், கண்ணாடி மூடி. திறந்தால் முதலில் பழுத்த கொய்யாவும் லைச்சியும் மூக்கில் ஏறும். அவை ஓய்ந்தபிறகு ரோஜாவும் மல்லிகையும் மெதுவாக வரும். "பழக்கடைக்குள்ள பூந்து பூக்கடை வழியா வெளிய வந்த மாதிரி இருக்குங்க" என்றார் பாக்கியலட்சுமி. அவர் முகம் அப்படி மலர்ந்து பார்த்து வெகுநாளாயிற்று.

எப்போது போடுவது என்றும் துரைசானி மலாயில் சொல்லிக்கொடுத்திருந்தார். வெயிலில் கூடாது, இந்தத் தித்திப்பு வாசம் வியர்வையோடு சேர்ந்தால் புளித்துப்போகும். பொழுது சாய்ந்து, குளித்துவிட்டு, காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு. சேலையில் படக்கூடாது. கடைசியாக, "ஜாங்கான் சிம்பான், பாக்காய்" என்றாராம். பத்திரப்படுத்தாதே, போட்டுக்கொள்.

டிரஸ்ஸர் மீசையை நீவினார். "அவ எதுக்கு நமக்குத் தரணும்?"

"பிரியத்துல தந்தாங்க."

"சரி, நல்ல நாள் பாத்துப் போடு."

நல்ல நாள் வருவதாக இல்லை. கோயிலுக்கா? சாமி முன்னால் இந்த வாசமா. பாசாருக்கா? மீன்காரன் திரும்பிப் பார்ப்பான். கல்யாண வீட்டுக்கா? எங்கே வாங்கினாய் என்று நாலு பேர் கேட்பார்கள். இழவு வீட்டுக்கு என்று சொல்லவே வேண்டாம். பாக்கியலட்சுமி மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு, புட்டியை அலமாரியில் வைத்தார். மறுநாள் காலையில் அதன் முதுகில் ஒன்பது பல் வைத்த அளவுத்தாள் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து காலைதோறும் டிரஸ்ஸர் அதில் விரல் வைத்து மோந்து, மட்டம் பார்த்து மூடினார்.

ஜூன் பாதியில் ஒரு பல் குறைந்தது.

பார்த்ததும் டிரஸ்ஸர் புட்டியைப் படீரென்று அலமாரிக்குள் வைத்தார். தனக்கு வந்தது கோபம் என்று நினைத்துக்கொண்டார், பயம்தான் அது. இவள் நமக்குத் தெரியாமல் போட்டுக்கொள்கிறாள். பகலில் வீட்டில் இருப்பவள் யாருக்காகப் போடுகிறாள்? அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் மனைவியின் பக்கத்தில் போய் நிற்பார். ஏதோ கேட்பதுபோல் குனிந்து மூச்சை இழுப்பார். சோப்பும் பூண்டும்தான் வரும். தலையணையை முகர்ந்தார், உலர்த்திய ரவிக்கையை முகர்ந்தார். மூக்கோ மரத்த மூக்கு. கொய்யாவும் லைச்சியும் எப்படி இருந்தன என்பதே பாதி நாளில் மறந்துவிடுகிறது. அடையாளம் மறந்தால் திருட்டை எப்படிப் பிடிப்பது? அதற்காகக் காலையில் வேலைக்குப் போகுமுன் மட்டுமல்லாமல், மாலையில் வந்ததும் ஒரு தரம் புட்டியைத் திறந்து, வாயை விரலால் அடைத்து ஒரு குலுக்குக் குலுக்கி, விரலை மோந்து பார்த்து வைத்துக்கொள்வார். மருந்தறையில் மருந்து சரிபார்க்கும் முறையும் அதுதான். மட்டம் பார்த்து, மீசையை நீவி, மூடி வைப்பார்.

ஜூலையில் இன்னும் இரண்டு பல். அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. பூட்டிய பிறகும் இறங்கியது. "கள்ளச் சாவி போட்டிருக்கா" என்று பல்லைக் கடித்தார்.

வியாழக்கிழமைதோறும் பாக்கியலட்சுமி பின்சந்தில் இருக்கும் பொன்னம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். பொன்னம்மா தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டிக் குடும்பத்துப் பெண். அவருக்கு ரவிக்கை வெட்டக் கற்றுக்கொடுப்பதற்கு இவர் போகிறார் என்பது ஊரறிந்த விஷயம். டிரஸ்ஸருக்கு அதுவும் இடித்தது. ஒரு வியாழன் அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, சந்து முனையில் குடையை விரித்து அதன் பின்னால் நின்றார். பாக்கியலட்சுமி கடந்துபோனபோது குப்பென்று பெலாச்சான், அந்த இறால் விழுதின் வாசம்தான் அடித்தது. பொன்னம்மா வீட்டில் சம்பல் இடித்திருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர், "செண்டு வாசத்த மறைக்க பெலாச்சான் பூசிட்டு வராளே, என்னா மூளை!" என்று மலைத்துப்போனார்.

ஆகஸ்டு பாதியில் இரண்டு பல்தான் மிச்சம். அன்று மாலை புட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து கேட்டேவிட்டார்.

"யாருக்காகப் போடுற, பாக்கியம்?"

கரண்டி அப்படியே நின்றது. பாக்கியலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தார்; மீசையைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். கரண்டியை மறுபடி குழம்பில் விட்டார். அன்றிலிருந்து பேச்சு நின்றது. சோறு வந்தது, வெந்நீர் வந்தது, தோசைக் கணக்கு மட்டும் வரவில்லை. பத்தாம் நாள் தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து சுவரோரம் நின்றது. செங் என்ற ஊரில் பாக்கியலட்சுமியின் அண்ணன் வீடு இருக்கிறது. டிரஸ்ஸர் எல்லாப் புட்டிகளையும் அளந்தவர். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

மெர்டேக்காவுக்கு முதல் நாள் மருந்தறையில் கூட்டமில்லை. மிஸ்ஸி கமலவேணி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பன்னிரண்டு வருடமாக டிரஸ்ஸரோடு வேலை பார்க்கும் நர்ஸ். எதையும் ஒளிக்கத் தெரியாதவர்.

"அண்ணே, கோவப்படாதீங்க. வெளிய ஒரு மாதிரியா பேசிக்கிறாங்க. ஒங்களுக்கு உஜோங் பாசிர் பக்கம் யாரோ இருக்காங்களாம்."

"எனக்கா?"

"நா இல்லவே இல்லன்னுதான் சொல்லிட்டு வரேன். ஆனா மூணு மாசமா டெய்லி காலைல ஒங்க மீசைலேர்ந்து பொம்பள செண்டு வாசம் வருதே. ஊசி போட வர்ற புள்ளைங்ககூட மொகத்த ஒங்க பக்கம் திருப்புது. அண்ணி பாவம், அவங்களுக்கு மட்டும் மூக்கு இல்லையா?"

டிரஸ்ஸர் அளவுக் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். விரலில் ஒட்டுவதை மருந்தறையில் யாரும் குறைவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரும் சேர்க்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு விரல், மூன்று மாதம். அந்த வாசத்தோடு ராத்திரி பக்கத்தில் படுத்தவளிடம்தான், யாருக்காகப் போடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். வெட்கத்தில் காது வரை சுட்டது.

மறுநாள் மாலை, கடற்கரைத் திடலில் விளக்கு அலங்காரம் பார்க்கத் தெருவே கிளம்பிக்கொண்டிருந்தது. பாக்கியலட்சுமி குளித்து, மாந்தளிர் நிறச் சேலை கட்டியிருந்தார். போவது திடலுக்கா, செங்குக்கா என்று தெரியவில்லை. பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது. டிரஸ்ஸர் அலமாரியைத் திறந்து புட்டியை எடுத்துவந்து எதிரே நின்றார்.

"நாந்தான்" என்றார். "எடுத்தது பூரா நாந்தான், பாக்கியம்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலியே?"

"எப்படிக் கொறையுதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க யாருக்காகன்னுல்ல கேட்டீங்க."

டிரஸ்ஸர் புட்டியைத் திருப்பினார். புட்டியின் முதுகிலிருந்த அளவுத்தாளை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். மூடியைத் திறந்து, வாயை விரலால் அடைத்துக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு ஆள்காட்டி விரல் நுனியில் வந்து நின்றது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், மூன்று மாதப் பழக்கத்தில், அந்த விரல் தன்பாட்டுக்கு மீசையை நோக்கிப் போயிற்று.

பாக்கியலட்சுமி பாதி வழியில் அந்தக் கையை எட்டிப் பிடித்தார். பிடித்து, தன் பக்கம் இழுத்து, தலையைச் சற்றே சாய்த்து, விரலைக் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டார்.