பெங்களூரிலிருந்து வந்த அப்பா

அன்று படப்பை ஷூட்டிங் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: புரொடக்‌ஷன் மேனேஜர், டைரக்டர், கேமராமேன், லைட் பிடிக்கும் அண்ணன்கள் இரண்டு பேர், தொடரில் அம்மாவாக நடித்த அக்கா, உடை பார்க்கிற நான். செத்துப்போனவரும் இருந்தார். மேனேஜரின் போனுக்குள், வீடியோ காலில், பெங்களூரில் மகள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இத்தனை பேரையும் நான் மனப்பாடமாக வைத்திருப்பதற்குக் காரணம் பயம்தான். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் “அன்னிக்கு நான் அங்க இல்லியே” என்று சொல்லக்கூடியவர்கள் இவர்கள். பிறகு பேச்சு வந்தபோது சொல்லவும் செய்தார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு தேங்காய் உடைத்து, நூற்றொரு ரூபாயை அவர் கையில் கொடுப்பார்கள். நடிப்புக்கு வந்த சாவு நடிப்போடு போகட்டும் என்பதுதான் கணக்கு. மாலை போட்ட படத்துக்கும் இதே விதி. ஆனால் அன்று சுவரில் மாலையோடு தொங்கிய படத்தின் சொந்தக்காரருக்குத் தான் செத்துவிட்ட விஷயமே தெரியாது. மேனேஜர் போனைத் தூக்கிப் பிடித்து, “சார், புரோமோவுக்கு ஒரு சின்ன சிரிப்பு சார்” என்றார். அவர் கப்பைக் கீழே வைத்து, முடியை ஒதுக்கி, தனக்கு அழகு என்று நம்பிய இடது பக்கத்தைக் காட்டிச் சிரித்தார். கேமராமேன் அந்தப் போனைப் படம் எடுத்துக்கொண்டார். நூற்றொரு ரூபாயைப் போனிலேயே அனுப்பினார்கள். “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்றார் அவர். பணம் எதற்கு வந்தது என்று கேட்கிற பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். மேற்குத் தாம்பரத்தில் மாமாவின் தையல் கடையில் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து யாரோ சொல்லி இந்தத் தொடருக்கு உடை பார்க்கப் போனேன். நேற்று எடுத்த காட்சியில் நீலச் சட்டை என்றால் இன்று அதன் தொடர்ச்சியிலும் அதே நீலச் சட்டை இருக்க வேண்டும், அதே பட்டன் திறந்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான வேலையும் இல்லை, அதைவிடப் பெரிய தண்டனையும் இல்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று பெருங்களத்தூர் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

தொடரில் அப்பாவாக நடித்தவரை எல்லோரும் அப்பா சார் என்றுதான் கூப்பிடுவோம். மாதத்தில் சில நாட்கள் பெங்களூரில் ராத்திரி ரயிலேறி சென்ட்ரலில் இறங்குவார். அங்கிருந்து கம்பெனி கார் அவரை நகரம் முழுக்க இழுத்துக்கொண்டு படப்பைக்கு வந்து சேர்வதற்குள் காலை டிபன் முடிந்து பாத்திரம் கழுவியிருப்பார்கள். காரிலிருந்து இறங்கும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு இறங்குவார். அவரிடம் ஒரே ஒரு வசனம் இருந்தது, அதுவும் கதாசிரியர் எழுதாதது: “நான் முந்நூத்தம்பது கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கேன்யா.” இட்லி ஆறியிருந்தால் முந்நூற்றைம்பது கிலோமீட்டர். ஃபேன் சத்தம் போட்டால் முந்நூற்றைம்பது கிலோமீட்டர். வசனம் மறந்து பன்னிரண்டு தடவை திணறினாலும் அதேதான். ரயில் ஓட்டியது ஏதோ ஒரு டிரைவர், இவர் கீழ் பெர்த்தில் போர்த்திக்கொண்டு படுத்து வந்தவர். ஆனால் பாதை முழுக்கத் தோளில் தண்டவாளத்தைச் சுமந்து வந்தவர் மாதிரிதான் நாற்காலியில் சாய்வார்.

கதையைக் கதாசிரியர் எழுதினார் என்று டைட்டிலில் போட்டார்கள். பொய். அந்தக் கதையை எழுதியது ரயில்தான். கதாசிரியர் தினமும் மேனேஜரிடம் போனில் கேட்கிற முதல் கேள்வி, “யார் யார் இருக்காங்க?” என்பது. சார் இல்லையென்றால் அப்பா சிங்கப்பூரில் பிசினஸ் பேசிக்கொண்டிருப்பார். ரயில் தாமதமானால் அப்பா பாத்ரூமுக்குள் இருப்பார், மூடிய கதவுக்கு வெளியே நின்று குடும்பமே சொத்துப் பிரச்சினையைப் பேசி முடிக்கும். திடீரென்று டிக்கெட் கிடைக்கவில்லையென்றால் அப்பா காசிக்குப் போய்விடுவார். ஒரு வருஷத்துக்குள் அந்த மனிதர் காசிக்குப் போனதை எண்ணினால் அங்கே வீடே வாங்கியிருக்கலாம்.

வந்த நாட்களில் அவரைப் பிழிந்து எடுத்துக்கொள்வார்கள். வசனக் காட்சிகள் போக, சும்மா முகங்கள் மட்டும் தனியாக: ஒரு அதிர்ச்சி, ஒரு கோபம், ஒரு பெருமூச்சு, வலது பக்கம் திரும்பி ஒரு வருத்தம். ஒவ்வொன்றுக்கும் நான் சட்டை மாற்றிவிட வேண்டும். என்ன கோபம், யார் மேல் கோபம் என்று அவருக்கும் தெரியாது, டைரக்டருக்கும் தெரியாது. பின்னால் வரப்போகிற காட்சிகளில் எங்கே பொருந்துகிறதோ அங்கே ஒட்டிக்கொள்வார்கள். அதனால்தான் மகள் வீட்டைவிட்டு ஓடிப்போனதற்கும் பாயசத்தில் முந்திரி இல்லாததற்கும் அவர் ஒரே மாதிரி அதிர்ந்தார். சனங்கள் அதை அழுத்தமான நடிப்பு என்றார்கள்.

அம்மாவாக நடித்த அக்கா ஊரப்பாக்கத்துக்காரர். புருஷன் இல்லை. ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், அந்தப் படிப்பு முழுக்க இந்தத் தொடரின் தினச் சம்பளத்தில்தான் ஓடியது. அதை அக்கா யாரிடமும் ஒளித்ததில்லை. காலையில் ஸ்கூட்டியை எடுத்து, வண்டலூரில் திரும்பி, மண்ணிவாக்கம் வழியாக நாங்கள் கேட்டைத் திறக்கும்போதே வந்து நிற்பார். கார் அனுப்ப வேண்டியதில்லை, ரூம் போட வேண்டியதில்லை. அதற்காக யாரும் அவரை மெச்சவில்லை. வேலை ஏவினார்கள். “அக்கா, வர்ற வழியில கொஞ்சம் பூ.” “அக்கா, அப்படியே ரெண்டு தேங்கா.” இதைவிடக் கேவலம் கதையில் நடந்தது. எப்போது கூப்பிட்டாலும் வந்துவிடுவார் என்பதால் எல்லாக் கஷ்டமும் அவர் தலையில் விழுந்தது. சார் வரவில்லையா, அம்மாவை மாடியிலிருந்து உருட்டிவிடு. மருமகள் வரவில்லையா, அம்மாவுக்குப் பாலில் விஷம் வை. தூரத்திலிருந்து வந்தவர் கதையில் தெய்வமாக இருந்தார், ஏனென்றால் எப்போதாவதுதான் காட்சி கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் அழுதார்.

சார் இல்லாத நாட்களில் அக்கா யாரைப் பார்த்து அழுவது என்பதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. சட்டை மாட்டும் ஸ்டாண்டில் அவருடைய சட்டையை நான் மாட்டி வைப்பேன். அதன் தோளுக்கு மேலிருந்து கேமரா அக்காவைப் பார்க்கும். “என் புருஷன் ரொம்ப அமைதியான ஆளு பாய், குத்தம் சொல்ல முடியாது” என்பார் அக்கா என்னிடம், அந்தச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டே. ஒருநாள் சார் தன் முந்நூற்றைம்பது கிலோமீட்டரை ஆரம்பித்தபோது, “நான்கூட மண்ணிவாக்கம் தாண்டித்தான் சார் வந்திருக்கேன்” என்று அக்கா சொல்லிவிட்டார். லைட் அண்ணன்கள் சிரித்துவிட்டார்கள். சார் அன்று மதியம் வரை அறையைவிட்டு வரவில்லை. இது எங்கே போய் முடியுமோ என்று அன்றைக்கே நினைத்தேன்.

சார் ரயிலில் வர முடியாது, இனி ஃப்ளைட்தான் என்று கேட்டார். அங்கே ஆரம்பித்தது. “பேஜாரா பூட்ச்சு பாய்” என்று மேனேஜர் என்னிடமே அலுத்துக்கொண்டார். “இந்தாளு ஏரோப்ளேன்ல வந்து எறங்கி இன்னா பண்ணப் போறாரு? அதே பெருமூச்சுதான வுடப் போறாரு?” அதற்கப்புறம்தான் அப்பாவுக்கு மலைப்பாதையில் கார் விபத்து. உடல் எரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் ஆளும் தேவையில்லை, மேக்கப்பும் தேவையில்லை. அக்காவைக் கூப்பிட்டு, இனி வீட்டுக்குத் தலைவி நீங்கதான், மாசம் பூரா வேலை இருக்கும், வேறு எதையும் ஒத்துக்காதீங்க என்றார்கள். அக்காவுக்கு அந்த வாரம்தான் வேறொரு தொடரிலிருந்து கேட்டிருந்தார்கள். இவர்கள் வாயை நம்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “எழுதி வாங்கிக்கோங்கக்கா” என்றேன். “எதுக்கெடுத்தாலும் பயப்படாத பாய், நாக்குன்னு ஒண்ணு இல்ல அவங்களுக்கு?” என்றார். நாக்கு இருந்தது. அதுதான் பிரச்சினை.

அப்படித்தான் அந்த வீடியோ கால் நடந்தது. அன்றைக்கு அந்தப் படத்துக்குப் போட்ட மாலையையும் வண்டலூரில் வாங்கி, ஸ்கூட்டியின் முன்னால் தொங்கவிட்டுக் கொண்டுவந்தவர் அக்காதான்.

தன் சாவை சார் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். தன் சிரிப்பு எதற்கு வாங்கப்பட்டது என்றும் அப்போதுதான் உறைத்திருக்கும். சேனலில் மேலே இருக்கிறவர்களிடம் போய் அழுதார், சண்டை போட்டார். யார் போனில் சிரிக்கச் சொன்னது என்று கேட்டபோது ஹாலில் இருந்த ஒருவரும் ஹாலில் இல்லை. டைரக்டர் அன்று லீவாம். கேமராமேன் சாப்பிடப் போயிருந்தாராம். அப்பா இல்லாத வீட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சனங்களும் சொன்னார்களாம். வாரம் முழுக்கப் பார்த்தது நான் இஸ்திரி போட்டு மாட்டிய சட்டையைத்தான், அது அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் சமாதானம் ஆயிற்று. சார் தொடர்ச்சியாகப் பதினைந்து நாள் தங்கி நடித்துக்கொடுப்பார். ஃப்ளைட், ஹோட்டல், எல்லாம் உண்டு. அந்தச் செலவு எங்கிருந்து வரும் என்று நான் ராவெல்லாம் யோசித்தேன். யோசிக்க வேண்டியவர்கள் எனக்கு முன்னாலேயே யோசித்துவிட்டார்கள்.

ஒரு காலை அக்கா வழக்கம்போல ஸ்கூட்டியில் வந்து நின்றார். முன்னால் பெரிய சம்பங்கி மாலை. “மேனேஜர் போன் பண்ணி நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னாரு. முந்நூறு ரூபா. அப்பா சார் உயிரோட திரும்பி வர்ற சீனாமே, வரவேத்துப் போடத்தான இருக்கும்?” என்று என்னிடம் கொடுத்தார். நான் அதற்குள் அன்றைய காட்சித் தாளைப் பார்த்திருந்தேன். விபத்தில் எரிந்தது அப்பா அல்ல, அவருடைய சட்டையைப் போட்டிருந்த டிரைவர். அப்பா வாசலில் வந்து நிற்கிறார். அம்மா பார்க்கிறாள். சந்தோஷ அதிர்ச்சியில் அம்மாவின் உயிர் பிரிகிறது. ஆஸ்பத்திரி, கோமா, ஒன்றும் கிடையாது. வாசல்படியிலேயே. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, டைரக்டரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்றேன்.

கேட்டுவிட்டு வந்தார். அழுவார் என்று நினைத்தேன், கதையில் எல்லாவற்றுக்கும் அழுதவர் ஆயிற்றே. “சிவப்புப் பட்டுப் புடவையா, பச்சையா பாய்?” என்று மட்டும் கேட்டார். நேற்றைய தொடர்ச்சியில் விதவை வெள்ளை என்பதால் வெள்ளைதான் என்றேன். புருஷனைப் பார்த்த சந்தோஷத்தில் சாகிறவள் வெள்ளைப் புடவையில் சாக வேண்டியிருந்தது. மாற்ற நேரமில்லை, தங்குகிற பதினைந்து நாளுக்கு நடுவிலும் சாருக்குச் சாயங்கால ஃப்ளைட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். அவர் அக்காவின் உடல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். பழைய பெருமூச்சேதான். எழுந்ததும் முட்டியைத் தடவிக்கொண்டு தன் முந்நூற்றைம்பது கிலோமீட்டரை ஆரம்பித்தார்.

ஷாட் முடிந்ததும், “அக்கா, சிரிச்சுடுங்க” என்றார் டைரக்டர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. அக்கா எழுந்து உட்கார்ந்தார். மூக்கில் இருந்த பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தத் தொடரில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் ஒளிபரப்பாகாதது. தேங்காய் உடைத்தார்கள். மேனேஜர் சட்டைப் பையைத் தடவினார். “சில்லற இல்லக்கா. நீங்க இன்னா தூரத்துலயா கீறீங்க, பக்கத்துலதான. மாலைக் காசோட சேத்து நாளைக்கு வாங்கிக்கோங்க” என்றார். நாளைக்கு அக்காவுக்கு அங்கே வேலை இல்லை என்பது அவருக்கும் தெரியும். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே சுவரில் இருந்த படத்தை இறக்கி, அதே ஃப்ரேமுக்குள், சாரின் முகத்துக்கு மேலேயே, அக்காவின் படத்தைச் செருகினார்கள். தனி ஃப்ரேம் வாங்கக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லை.

தொடர் முடிந்து வீட்டைக் காலி செய்தபோது அந்த ஃப்ரேமைக் குப்பையிலிருந்து எடுத்து வந்தேன். இப்போது மேற்குத் தாம்பரத்தில் எனக்கே சொந்தமாக ஒரு ஆல்டரேஷன் கடை. உயிரோடு இருக்கிறவர் படத்தை மாலை போட்ட ஃப்ரேமிலேயே வைத்திருக்கக் கூடாது என்று எனக்குப் பயம். தூக்கிப்போடவும் பயம். அதனால் அதன் மேல் கடை லைசென்ஸைச் செருகி மாட்டிவிட்டேன். லைசென்ஸுக்குப் பின்னால் அக்கா, அக்காவுக்குப் பின்னால் சார். பெங்களூரில் நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. அங்கிருந்து வேறு யாரையோ படுத்திக்கொண்டிருப்பார்.

அக்கா அதற்குப் பிறகு பல மாதம் வேலையில்லாமல் இருந்தார். மகள் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது. இப்போது ஹைதராபாத்தில் ஒரு தெலுங்குத் தொடரில் மாமியார். தெலுங்கு தெரியாது, வாயை அசைத்தால் போதும், வேறு ஒருத்தி பேசிக்கொள்வாள். போன வாரம் ஹைதராபாத்துக்குக் கிளம்புமுன் ஜாக்கெட் பிரிக்க வந்தார். “அறுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர் பாய். கார் அனுப்புறாங்க, ரூம் போடுறாங்க, போய் எறங்கினா எல்லாரும் எந்திரிக்கிறாங்க. நான் இல்லாத நாள்ல கதையில திருப்பதிக்குப் போயிடுறேன். நம்ம ஊர்ல இருந்தப்போ நான் என்ன கெட்டாப் போயிட்டேன்?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அங்க ஒரு பொண்ணு இருக்கு. ஸ்டுடியோவுக்குப் பின் தெருவுலயே வீடு. எல்லா அழுகையும் அதுக்குத்தான் எழுதுறாங்க” என்றார். அந்தப் பெண்ணைப் பூ வாங்கிவரச் சொல்கிறார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. பயந்து கேட்கவில்லை.

கிளம்பும்போது சுவரில் லைசென்ஸைப் பார்த்து, “நான் இன்னும் உள்ளதான் இருக்கேனா?” என்றார். இருக்கீங்க அக்கா என்றேன். “மேனேஜரைப் பாத்தா கேளு பாய்.” அவரை நான் அடிக்கடி பார்க்கிறேன். தாம்பரம் மார்க்கெட்டில் என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொள்வார். மாலைக்கு முந்நூறு, சிரிப்புக்கு நூற்றொன்று. அக்காவுக்கு இன்னும் வர வேண்டியது நானூற்றொரு ரூபாய்.