இரண்டையும் சும்மா தருகிறாராம்

மீன்காரர் "இப்பதான் வந்தது" என்றால் நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பேக்கரியில் பாண் வாங்கினால் அடிப்பக்கத்தை அழுத்திப் பார்ப்பேன். சந்தேகப் பிராணி என்று மனைவி சொல்வது என்னைத்தான். இப்படிப்பட்ட ஒருவனுக்கு இரண்டு நாய்க்குட்டிகளைச் சும்மா தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவன் நிம்மதியாக இருப்பானா?

நாங்கள் யாழ்ப்பாணத்தார். உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் கட்டுகஸ்தோட்டையிலேயே தங்கிவிட்டோம். எங்கள் கிழட்டு நாய் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு குட்டி வேண்டும் என்று மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒரு குட்டி என்றுதான் சொன்னாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் படிப்பித்த பாடசாலையில் துப்புரவு வேலை செய்த மலையகத்து அம்மா ஒருவர் தெல்தெனியவில் இருக்கிறார். அவர் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒரு கடுவனும் ஒரு பெட்டையும் மிஞ்சியிருந்தன. மனைவி குளித்துக்கொண்டிருந்த நேரம் அவர் அழைத்ததால் தொலைபேசியை நான் எடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம கொழும்புக்கு மக வீட்டோட போயிர்றேங்க சார். அது மாடி வீடு."

"ஓம்."

"தாய் நாய பக்கத்து வீட்டுல பாத்துக்குவாங்க. குட்டிங்க ரெண்டுக்கும்தான் ஆளில்ல."

"ஓம்."

"ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கிட்டீங்கன்னா நிம்மதியா போவேன் சார்."

"ஓம், ஓம்."

"ரொம்ப சந்தோசங்க சார்" என்று வைத்துவிட்டார். நல்ல மரியாதையான மனுசி என்று நினைத்துக்கொண்டு நான் பத்திரிகைக்குத் திரும்பினேன்.

அடுத்த நாள் மனைவி வந்து நின்றாள். "இஞ்சருங்கோ, ரெண்டையும் எடுக்கிறம் எண்டு சொன்னீங்களாமே?"

"நான் எப்ப சொன்னனான்?"

"மூண்டு நாலு தரம் ஓம் எண்டீங்களாம்."

எங்கள் ஊரில் ஒருவர் கதைக்கும்போது ஓம் போடுவது, சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு. அந்த அம்மாவுக்கு அது சம்மதம். இத்தனை வருடம் கண்டியில் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. இதைவிட மோசம், கடுகண்ணாவையில் இருந்து கடுவனை மட்டும் கேட்டு வந்த ஓட்டோக்காரர் ஒருவரை, இரண்டும் போய்விட்டன என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பியிருந்தார்.

எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கேட்டு வந்த ஆளையும் அனுப்பிவிட்டு எதற்காக இரண்டையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார்? ஒன்றுக்குச் சொறியாக இருக்கும். அல்லது வலிப்பு. அதை மறைக்கத்தான் மற்றதையும் சேர்த்துத் தருகிறார்.

பேராதனை வீதியில் எங்கள் பழைய நாயைப் பார்த்த மிருக வைத்தியரிடம் போய்க் கேட்டேன். ஒரே வயிற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து வளர்த்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், நம்மை மதிக்காது, பெரிதானதும் சண்டையும் பிடிக்கலாம் என்றார். தனித்தனியாகப் படுக்க வைத்து, தனித்தனியாகக் கூட்டிப்போய்ப் பழக்க முடியுமென்றால் வளருங்கள் என்றார். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து அறுபது படி.

"ஒண்டோட ஏறி இறங்கிறதே எனக்குப் பெரிய பாடு" என்றாள் மனைவி. "ஆனால் விட்டிட்டு வந்தால் அதுகள் என்ன செய்யும்?"

சனிக்கிழமை ஒரு பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். குட்டிகளின் காது, பல் முரசு, வயிறு, விரலிடுக்கு எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒரு நோய் வருத்தமும் இல்லையெண்டால் ஏன் ரெண்டையும் சேர்த்துத் தரப் பாக்கிறீங்கள்?"

"ஆண மட்டும் குடுத்துட்டா பொட்டைய யாரு சார் எடுப்பா?" என்றார். "போன தடவ அப்பிடித்தான் ஒண்ணு மிஞ்சிப்போச்சு. எங்க வீட்டுக்காரரு சந்தையில விட்டுட்டு வந்துட்டாரு. மனசு கேக்காம மறுநாள் போய்த் தேடினேன். கெடைக்கல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலடியில் கிடந்த பெட்டைக் குட்டி என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது. இதற்கு நாளைக்குப் போக்கிடம் இல்லை, அதில் என்னுடைய ஓமுக்கும் பங்கு உண்டு.

"ரெண்டு எங்களால ஏலாது. பெட்டையை நாங்கள் எடுக்கிறம். கடுவனுக்கு அந்த ஓட்டோக்காரரைத் திரும்பக் கூப்பிடுங்கோ" என்றேன்.

அவர் உடனே ஓட்டோக்காரரை அழைத்தார். பின்னேரம் வருவதாக அந்த ஆள் சொன்னார். இனி மகிழ்ச்சியோடு குட்டியைத் தூக்கித் தருவார் என்று பெட்டியைத் திறந்தேன். அவர் அசையவில்லை.

"ஏன் சார் பொட்டைய மட்டும் கேக்கிறீங்க? குட்டி போட வச்சு விக்கவா?"

என்னைப் பார்த்து இந்தக் கேள்வி! கருத்தடை ஒப்பரேஷன் செய்விப்போம் என்றேன். எங்கே படுக்க வைப்பீர்கள், சங்கிலி போடுவீர்களா, முந்திய நாய் எப்படிச் செத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முரசைக் காட்டிக்கொண்டு நிற்கும் குட்டி போல நான் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலையும் அவர் நம்பாமலே கேட்டார். கடைசியில் என்னை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. சார் நல்லவரா?"

முப்பத்தொரு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"மனுசருக்கு எண்டால் கொஞ்சம் கஷ்டம்தான்" என்றாள். "நாய்க்கு நல்லவர்."

அந்த அம்மா குட்டியைத் தூக்கி, நீட்டியிருந்த என் கைகளைத் தாண்டி, மனைவியிடம் கொடுத்தார்.