சீனக் கவிதையில் ஒரு பாடு லிஸ்ட்டு

பழவேற்காடு படகுத்துறையில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் நான் தமிழாக்கிய கவிதையின் சீன மூலம். மேலிருந்து கீழாக இறங்கும் நான்கு வரிகள், வரிக்கு ஐந்து எழுத்து. இரண்டு நண்பர்கள் பிரிவதைப் பற்றியது. தமிழாக்கம் அச்சகத்தில் இருக்கிறது; மாலைக்குள் அச்சேற வேண்டும்.

படகுக்காரர் ஏழுமலை எட்டிப் பார்க்கிறார். "இன்னா சார், எந்த ஊரு பாடு லிஸ்ட்டு இது?"

ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்து எழுதுவதுதான் இங்கே பாடு.

கவிதை என்கிறேன். அவர் நம்பவில்லை. நடு வரிகள் இரண்டிலும் விரலை வைக்கிறார்.

"சும்மா இரு சார். காலை அகட்டிக்கினு ரெண்டு பேரு தோளோட தோள் ஒரசிக்கினு நிக்கிறானுங்க பாரு. இப்டி எடம் குட்த்தா வலை சிக்கிக்காது?"

அவர் விரல் பட்ட இடத்தில் இரண்டு வரியிலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே எழுத்து, 人. அதன் பொருளே 'ஆள்'தான். ஒரு வரியில் கிளம்பும் ஆள், அடுத்த வரியில் வழியனுப்பும் ஆள். சொல்லில் பிரிகிறவர்கள் தாளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்! மூன்று மாதமாக என் கண்ணில் படவேயில்லை.

தலைகால் புரியாமல் சிரிக்கிறேன். அச்சகத்துக்குப் போன் போட்டு, வேலையை நிறுத்தச் சொல்கிறேன்.

ஏழுமலைக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "ஒருத்தன தள்ளி நிக்க வை சார்."

"தமிழ்ல அப்படித்தாண்ணே வெச்சிருந்தேன்," என்கிறேன். "அதான் தப்பு!"