கேட்காமல் கேட்ட பாட்டு

சென்ற வியாழக்கிழமை காலை, நான் அலுவலகத்துக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, மேசைத் தொலைபேசி அடித்தது. "சார், அரியலூர்லேருந்து போன். குடுக்கட்டுமா?" என்றார் இப்போதைய ஆபரேட்டர். மறுமுனையில் ராமலிங்கம், தனலட்சுமி மேடத்தின் தம்பி. "அக்கா போயிட்டாங்க சார். வெடியக்காலம் என் வீட்டுக்காரி செல்வி காபி குடுக்கப் போனா, அக்கா எந்திரிக்கல. சாயங்காலம் எடுக்குறோம். ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க." பத்தாண்டுக்கு மேல் எங்களுக்கு ஊர் உலகத்துச் சேதியையெல்லாம் இணைத்துக் கொடுத்தவர் அவர். அவருடைய சாவுச் செய்தியை வேறொருவர் இணைத்துக் கொடுத்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனலட்சுமி மேடம் ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயதில் அம்மை போட்டுக் கண்பார்வை போயிற்று. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்து, தொலைபேசி இணைப்புத் தரும் வேலைக்குப் பயிற்சி பெற்றார். பெரம்பலூர் தனி மாவட்டமானபோது புதிதாக வந்த எங்கள் அலுவலகத்துக்கு அவரும் புதிதாக வந்தார். நான் அப்போது உதவியாளர்.

அவருடைய காது எங்களுக்கெல்லாம் பயம். ஒருமுறை ஒருவர் சென்னையிலிருந்து பேசும் பெரிய அதிகாரி என்று சொல்லி, உடனே மேலதிகாரியிடம் இணைக்கச் சொல்லி அதட்டினார். மேடம் நிதானமாகக் கேட்டார்: "ஏங்க, சென்னையிலயா இருக்கீங்க? உங்க பின்னாடி கண்டக்டரு பூலாம்பாடி, பூலாம்பாடின்னு கூப்புடுறாரே. அரும்பாவூர் பஸ் ஸ்டாண்டு பூத்துதானே அது?" எதிர்முனை சத்தமில்லாமல் வைத்துவிட்டது. அன்று முழுக்க அலுவலகமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் அடுத்த அழைப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கோபமும் வரும். சாலையைக் கடக்க உதவுகிறேன் பேர்வழி என்று யாராவது சட்டென்று கையைப் பிடித்தால் உதறிவிடுவார். எனக்கே அது நடந்தது. "புடிக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளுங்க சார். நான் என்ன மூட்டையா?" என்றார். எனக்கு முகம் செத்துப்போனது. மறுநாள் அவரே என் இடத்துக்கு வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா நேத்து சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரம்பலூரில் ஒற்றை அறையும் அடுப்படியுமாக ஒரு வாடகைப் போர்ஷனில் தனியாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். அறையின் ஒரு சுவர் முழுக்கக் கேசட். இருநூற்றுச் சொச்சம் இருக்கும். என் மனைவி ஒரு பழைய பாட்டைச் சொல்லி, அது இருக்கிறதா என்று கேட்டாள். மேடம் எழுந்து போய் இரண்டாவது தட்டில் விரலை ஓட்டினார், ஒன்றை உருவினார், டேப்பில் போட்டார், வேகமாக ஓட்டும் பொத்தானை அழுத்தி மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றார், விட்டார். மிகச் சரியாக அந்தப் பாட்டின் முதல் இசை.

எப்படி என்று கேட்டேன். கேசட்டை என் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேல் விளிம்பில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. ஒரு சின்னப் பொட்டு என்றால் பழைய பாட்டு. இரண்டு என்றால் பக்திப் பாட்டு. பெரிய பொட்டு சோகப் பாட்டு. பொட்டு இடது ஓரத்தில் இருந்தால் கேசட்டின் முதல் பக்கம். எந்தத் தட்டில் எத்தனையாவது கேசட் என்பது அவருக்கு மனப்பாடம். ஃபேன்சி ஸ்டோரில் அட்டை அட்டையாகப் பொட்டு வாங்குவாராம். "நெத்திக்கு ஒண்ணு, மிச்சமெல்லாம் பாட்டுக்கு. கடைக்காரம்மா எனக்கு ஏழெட்டுப் பொண்ணுங்க இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு" என்று சிரித்தார்.

பிறகு அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "பஸ்ஸு போர்டு என்னன்னு யாரையாச்சும் கேக்கணும். பேங்க்ல பாரம் எழுத யாரையாச்சும் கேக்கணும். கடுதாசி வந்தா படிச்சுச் சொல்லக் கேக்கணும். பாட்டு ஒண்ணுதான் சார், நான் யாரையும் கேக்காம கேக்குறது."

வார்த்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டு ரசித்தேன். அது அவருடைய வாழ்க்கை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சர்க்கரை நோய் முற்றி, ஒரு தடவை அடுப்படியிலேயே மயங்கி விழுந்த பிறகு, தனியாக இருக்கக்கூடாது என்று ராமலிங்கம் பிடிவாதமாக அவரை அரியலூருக்கு அழைத்துக்கொண்டார். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்தார். தம்பி வீட்டில் அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. கட்டிலும் பீரோவும் போட்டால் நடக்க இடமிருக்காது. போதாததற்கு சிமெண்ட் லாரி போகும் சாலை. காலையில் துடைத்த இடத்தில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். கேசட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அட்டைப்பெட்டிகளில் கட்டி வராந்தாவில் போட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். அப்போது எனக்குக் கம்ப்யூட்டர் கிறுக்கு. எங்கள் தெருவில் முதலில் வாங்கியவன் நான் என்ற பெருமை வேறு. "மேடம், கேசட்டெல்லாம் இனிமே எதுக்கு? நாடா சிக்கும், பூஞ்சை புடிக்கும். நான் எல்லாத்தையும் எம்பித்ரீயா மாத்தித் தரேன். ஒரு சிடியில நூத்தம்பது பாட்டு. மொத்தமும் ஒரு கைப்பையில அடங்கிடும்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துக் கேட்டார். "ரெண்டையும் வெச்சுக்க முடியாதா சார்?"

"எங்க வெப்பீங்க?"

"அதுவும் சரிதான். நூத்தம்பது பாட்டுல எனக்கு வேணுங்குறது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஸ்கிரீன்ல நம்பர் வரும் மேடம்."

கண் தெரியாதவரிடம் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு நாக்கைக்கூடக் கடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவு உற்சாகம். அவர், "ஸ்கிரீன்ல வருமா? சரி சரி" என்று சிரித்தார். பிறகுதான் எனக்கு உறைத்து, "உங்க தம்பி பசங்க பாத்துச் சொல்லுவாங்க" என்று ஒட்டுப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து, "நீங்க இவ்ளோ சொல்றீங்க. செய்ங்க சார்" என்றார்.

ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளையும் மாலைகளையும் அதற்கே கொடுத்தேன். ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடினால்தான் கம்ப்யூட்டரில் ஏறும். இரைச்சலைக் குறைத்தேன், மெலிந்த ஒலியைக் கூட்டினேன். பதினாறு சிடி ஆயிற்று. நல்ல மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் அழகாக எண் எழுதினேன். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஒரு பிளேயரும் வாங்கி, பூ வைத்துக் கொடுப்பதுபோலக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேசட் பெட்டிகளை அவருடைய சம்மதத்தோடு ஒரு மினிபஸ் டிரைவருக்குக் கொடுத்துவிட்டோம்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிளேயர் மூடி திறக்கவில்லை என்று ராமலிங்கம் எடுத்து வந்தார். பெரம்பலூரில் ரிப்பேர் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் மூடியை நெம்பித் திறந்து பார்த்துவிட்டு, "யாருங்க சிடிக்குப் பொட்டு வெச்சது? சூட்டுல பசை உருகி மூடியோட ஒட்டிக்கிச்சு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அலுவலகத்தில் வந்து சொல்லி மற்றவர்களையும் சிரிக்கவைத்தேன். மேடமும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். "இனிமே சிடியில எதையும் ஒட்டாதீங்க மேடம். வேணும்னா கவர்ல ஒட்டிக்குங்க" என்றேன். "சரிங்க சார்" என்றார். கவரில் ஒட்டினார். ஆனால் பிள்ளைகள் எந்தச் சிடியை எந்தக் கவரில் திரும்பப் போட்டார்கள் என்று யார் கண்டது?

பிறகு காலில் புண் வந்தது. பஸ் ஏற முடியாமல் போயிற்று. நீண்ட விடுப்பில் வீட்டோடு இருந்தார். நான் வாரம் ஒருமுறையாவது போன் செய்வேன். நேரில் போனது குறைவு, அதற்கு இப்போது என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. உடம்பை விசாரித்துவிட்டு, மறக்காமல் அதையும் விசாரிப்பேன். என் உழைப்பாயிற்றே.

"பாட்டு கேக்குறீங்களா மேடம்?"

"தினமும் கேட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்."

ஒவ்வொரு முறையும் இதே பதில். ஒவ்வொரு முறையும் "சந்தோஷம் மேடம்" என்று மனம் நிறைந்து போனை வைத்தேன்.

வியாழக்கிழமை நாங்கள் ஏழு பேர் ஒரு வேனில் அரியலூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மேடத்தைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் மெலிந்து சின்னப் பெண் முகமாகியிருந்தது. மாலையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். கரண்ட் இல்லை. பெண்கள் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கரண்ட் வந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. அடுத்த நிமிடம் மேடத்தின் அறைக்குள்ளிருந்து பெரிய சத்தத்தில் ஒரு பாட்டு. ஒரு குடிகாரன் உளறுவதாக வரும் வேடிக்கைப் பாட்டு. ஒப்பாரி அப்படியே நின்றது.

"அய்யோ, அதை நிறுத்துங்களேன்" என்று செல்வி கதறினார். அவர் ராமலிங்கத்தின் மனைவி. நான் ஓடினேன். அறை ஜன்னல் சாத்தி இருட்டாக இருந்தது. கூடத்து வெளிச்சத்தில் நின்று வந்த கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. பிளேயரைத் தடவினேன். வரிசையாகப் பொத்தான்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. ஒன்றை அழுத்தினால் சத்தம் கூடியது. இன்னொன்றை அழுத்தினால் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கிய பிளேயர் அது. கடைசியில் ஒயரைப் பிடித்து இழுத்தேன்.

திரும்பினால் செல்வி வாசற்படியில் நின்றார். "இந்தப் பாட்டுதான் சார் தெனமும். கரண்டு போயிட்டு வந்தா அதுவா மொதல்லேருந்து ஆரம்பிச்சிடும். அக்காவுக்கு இந்தப் பாட்டே புடிக்காது."

"வேற சிடி மாத்தலாமே?"

"அவங்களுக்கு எதுன்னு எப்படித் தெரியும்? எங்களைத்தான் கேப்பாங்க. 'செல்வி, அந்த நாலாம் நம்பரைப் போடேன், இருபத்தி மூணாவது பாட்டு வரைக்கும் தள்ளேன்'னு. ஆரம்பத்துல தெனமும் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. நான் காலையில சித்தாள் வேலைக்குப் போயிட்டு வந்து, புள்ளைங்களையும் பாத்துக்கிட்டு... இதோ வரேன்க்கா, இதோ வரேன்க்காம்பேன். ஒருநாளு சிடுசிடுன்னு பேசிட்டேன் சார். அதோட கேக்குறதை நிறுத்திட்டாங்க."

"பாட்டு கேக்குறதையா?"

"எங்களைக் கேக்குறதை."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர் கால் வலிக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி போன் செய்தவன்.

வெயில் தாழ்ந்ததும் எடுத்தார்கள். ஒரு பக்கம் நான் தோள் கொடுத்தேன். சாலையில் லாரிகள் ஒதுங்கி நின்று வழிவிட்டன. எடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மேடம், ஒரு வாரம்கூட விடாமல் நீங்கள் போனில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். முதலில் தினமும் செல்வியைக் கேட்டீர்கள், பிறகு தினமும் பிடிக்காத அந்த ஒரே பாட்டைக் கேட்டீர்கள். குரலை வைத்தே ஆளையும் ஊரையும் கண்டுபிடித்த உங்களுக்கு, நான் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் முதல் பதிலிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும், என் சந்தோஷம் கெடக்கூடாது என்று விட்டுவிட்டீர்கள். போய் வாருங்கள். உங்கள் கையை உங்களிடம் கேட்காமல் பிடித்து, தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டவன் நான்.