பதினோராம் வருடத்து மெட்டு

டிசம்பர் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். மூன்று மணிக்குப் பிடித்த மழை அப்போதுதான் தூறலாகக் குறைந்திருந்தது. மாஸ்டரின் மகள் காரை விட்டு இறங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கட்டைத் தந்தாள். உள்ளே பத்து நோட்டுகள். மேலே ஒரு சிவப்புப் பென்சில், ரப்பர் பேண்டில் செருகியிருந்தது. பென்சிலின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர். பிறகு அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். கூர் மழுங்கியிருந்தது. அந்தப் பென்சிலைக் கடைசியாகப் பிடித்தவன் நான்தான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அடிப்பக்கத்தில் என் பல்தடம் இருந்தது.

“அப்பா எழுதி வச்சிருந்தாரு அங்கிள், ‘வாத்தியாருக்கு’ன்னு. வேற ஒன்னும் எழுதல” என்றாள். மாஸ்டர் இறந்த நாற்பதாம் நாள் பூசை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்தப் பூசையில் நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். வந்திருந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர். கோப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன், அவள் நேரமில்லை என்றாள். என் வீட்டில் யாரும் உட்கார்ந்து கோப்பி குடித்து ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது.

செர்டாங் சுற்றுவட்டாரத்தில் மாஸ்டர் வாசிக்காத கல்யாணம் குறைவு. கீபோர்டு தோளில் தொங்க, மோட்டார் சைக்கிளில் போவார். இந்துக் கல்யாணம், கிறிஸ்தவக் கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துத் திருவிழா எல்லாவற்றுக்கும் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். அவரும் முகம் சுளிக்காமல் வாசிப்பார். அது அவருடைய தொழில். ஆனால் விடிகாலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை வேறு ஆள். அப்போது கீபோர்டைத் தொட மாட்டார். பழைய ஆர்மோனியம் ஒன்று வைத்திருந்தார், அதன் முன் உட்காருவார். ஞாயிறு தவிர வாரத்தில் ஆறு நாளும், நாளுக்கு ஒரு மெட்டு. நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் ச ரி க ம எழுத்துகளில் ஒரு பக்கத்தில் எழுதி, தேதியும் எண்ணும் போட்டு மூடிவிடுவார். முந்தின நாள் கல்யாணத்தில் மூன்று மணி நேரம் வாசித்திருந்தாலும் சரி, காய்ச்சலாக இருந்தாலும் சரி. “விரலுக்கு அடுத்தவன் பாட்டெல்லாம் தெரியும், வாத்தியாரே. தினமும் உக்கார வச்சு மெரட்டலன்னா, அதுபாட்டுக்கு அங்கதான் போவும்” என்பார்.

எங்கள் சிற்றாலயத்தில் அதுவரை வழக்கம் வேறாக இருந்தது. கிறிஸ்துமசுக்கு முன் லோரியில் ஏறித் தோட்டம் தோட்டமாகக் கேரல் பாடப் போகும்போது, அந்த வருடம் ஓடிய சினிமாப் பாட்டின் மெட்டில் இயேசு பிறந்ததைப் பற்றி வார்த்தை போட்டுப் பாடுவார்கள். சனங்கள் உடனே கூடப் பாடுவார்கள். மாஸ்டர் பாடகர் குழுவுக்குப் பொறுப்பேற்ற வருடம் அதை நிறுத்தினார். வருடத்துக்கு ஒரு புதுப் பாட்டு, மெட்டு அவருடையது, வார்த்தை என்னுடையது. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆசிரியன். அந்த முதல் வருடம் ஒருவரும் கூடப் பாடவில்லை. முறுக்குத் தட்டோடு நின்று பார்த்தார்கள். “என்ன மாஸ்டர், எழவு வீடு மாதிரி நிக்கிறாங்க” என்று லோரி டிரைவர் சீண்டினான். மாஸ்டர் சிரித்தார். அவருக்கு அதில் ஒரு திருப்தி இருந்ததாகவே எனக்குப் பட்டது.

என்னை அவர் பிடித்துப்போட்டது வார்த்தைக்காக மட்டும் இல்லை. நான் எதையும் எண்ணுகிறவன், கேட்டதை மறக்காதவன். வானொலியில் எந்தப் பாட்டு வந்தாலும் அதன் இரண்டாவது வரி எனக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். என் வீட்டிலிருந்து அறுநூற்று நாற்பது அடி நடை. ஆர்மோனியத்துக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். அந்த வாரத்து ஆறு மெட்டுகளில் ஒவ்வொன்றின் முதல் வரியையும் இரண்டு தடவை வாசிப்பார். அடுத்த வரி எங்கே போகும் என்று நான் வாய்விட்டு முனக வேண்டும். நான் முனகியதும் அவர் எழுதியதும் ஒன்றாக இருந்தால், அது ஏற்கெனவே உலகத்தில் உள்ள பாட்டு. எழுந்து போய், நானே அந்தப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட வேண்டும். அவர் போட மாட்டார். “பெத்தவன் கையால வேணாம் லா” என்பார்.

இருபத்தேழு வருடத்தில் நான் கேட்டவை எட்டாயிரத்து நூற்றுப் பத்து. கோடு போட்டவை ஐயாயிரத்து அறுநூற்று மூன்று. ஒரு தடவைகூட அவர் முகம் வாடி நான் பார்த்ததில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்ததால் பார்க்கவில்லையோ என்னவோ. ஆறிலும் கோடு விழுந்த வாரங்களில் எனக்குக் கூடுதலாக ஒரு துண்டு ரொட்டி வைப்பார். “இன்னைக்கு வாத்தியாரு ரோத்தான நல்லா வீசிட்டாரு” என்று என் பள்ளிக்கூடப் பிரம்பை இழுத்து, உள்ளே பார்த்து மகளிடம் சொல்வார். என் மனைவி இறந்த வாரத்திலும் சனிக்கிழமை போனேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மெட்டையும் வாசித்தார். நான் நான்கில் கோடு போட்டுவிட்டு வந்தேன். அந்த வாரத்தில் எனக்கு மூச்சுவிட முடிந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

இருபத்தேழாவது வருடம் சரியில்லை. ஆகஸ்டு மாதம் ஒரு கல்யாணத்தில் நடுப்பாட்டில் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடினார். மகள் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள், அவர் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் ஆறுக்கு ஆறும் கோடு விழுந்தது. நவம்பர் கடைசி வரை கேரலுக்குப் பாட்டு இல்லை. அந்த வாரம் ஐந்தாவதாக ஒரு மெட்டை எடுத்தார். முதல் வரியை ஒரு தடவை வாசித்து முடிக்கும் முன்பே இரண்டாவது வரி என் தொண்டைக்கு வந்துவிட்டது. அது சினிமாப் பாட்டு இல்லை. பதினோராம் வருடத்து எங்கள் கேரல் பாட்டு. அவர் போட்ட மெட்டு, நான் எழுதிய வார்த்தை. பதினாறு வருடத்துக்கு முன் அவரே எழுதியதை முந்தின நாள் காலை புதிதாக எழுதியிருக்கிறார், அது அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடவையும் வாசித்தார். நான் வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே செம்பனைக் குலை ஏற்றிப் போன லோரியைப் பார்த்தேன்.

“என்ன வாத்தியாரே, எங்க போவுது?”

“தெரியல மாஸ்டர். புதுசு” என்றேன்.

அவர் ஆர்மோனியத்தின் மேல் உள்ளங்கையால் மெல்லத் தட்டிய சத்தம் கேட்டது. மகிழ்ச்சியில் தட்டுவது அப்படித்தான். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள் மூன்று. கேரலுக்கு இரண்டே வாரம்தான் இருந்தது. மெட்டு அவருடையது, திருட்டு இல்லை. மறந்துபோனதை எடுத்துச் சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார். மூன்றும் நல்ல காரணங்கள் என்றுதான் அன்று நினைத்தேன். அதே மெட்டுக்கு உட்கார்ந்து புது வார்த்தையும் எழுதினேன்.

கேரல் அன்று மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். மழை விட்டு, மண் சாலையெல்லாம் சேறு. மொத்தம் பதினேழு வீடு. முதல் இரண்டு வீட்டில் வழக்கம்போல நின்று கேட்டார்கள். மூன்றாவது, தோட்டத்து லயத்து வரிசையில் கோடி வீடு. அந்த வீட்டு அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நாங்கள் இரண்டாவது வரிக்குப் போகும் முன் அவர் பாடத் தொடங்கிவிட்டார். எங்கள் வார்த்தையை அல்ல, பதினோராம் வருடத்து வார்த்தையை. பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்தார். அந்தப் பழைய பாட்டில் மழையில் மாட்டுத் தொழுவம் தேடி நடப்பதாக நான் எழுதியிருந்தேன். அதை ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். எங்கள் பாடகர் குழுவே குழம்பி அந்த வார்த்தைக்கு மாறிவிட்டது. எழுதியவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நான் அந்த நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிறகுதான் லோரிக்கு மேலே பார்த்தேன். மாஸ்டரின் இடது கை துருத்தியில் ஓடிக்கொண்டிருந்தது, வலது கை கட்டைகளின் மேல் அசையாமல் கிடந்தது.

“பழைய பாட்ட மறுபடி எடுத்தீங்களே மாஸ்டர், ரொம்ப நல்லா இருக்கு லா” என்றார் அந்த அக்கா. மாஸ்டர் கைகூப்பினார். மிச்சம் பதினான்கு வீட்டுக்கும் வாசித்தார். அதில் ஒன்பது வீட்டில் கூடப் பாடினார்கள்.

திரும்பும்போது லோரியின் பின்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

“எந்த வருசத்துப் பாட்டு?”

“பதினொன்னு.”

“அன்னைக்கே தெரியுமா?”

“உங்க மெட்டுதானே மாஸ்டர். இத்தன வருசம் கழிச்சும் சனங்க மறக்கல, பாத்தீங்களா?”

“அவங்க மறக்கல, சரி. நான் மறந்துட்டேன்ல, வாத்தியாரே. அத யாரு எனக்குச் சொல்றது? அதுக்குத்தான உங்கள உக்கார வச்சேன்” என்றார். இறங்கும்போது, “இனிமே சனிக்கெழம சிரமப்படாதீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் கதவைச் சாத்தும்போது சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்தது. நல்லதுக்குச் செய்தவனை வராதே என்கிறாரே என்று ஒரு வருடம் மனதுக்குள் வழக்காடினேன். இரண்டாவது வருடம், அவரே கூப்பிடட்டும் என்றிருந்தேன். இடையில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அது ஒரு சாக்காயிற்று. தளர்த்திய பிறகு ஒரு சனிக்கிழமை காலை முந்நூற்றுப் பத்து அடி நடந்தேன். பள்ளிவாசல் திருப்பத்தில் நின்று திரும்பிவிட்டேன். கேரல் பழையபடி சினிமா மெட்டுக்குப் போயிற்று. பாசாரில் எதிர்ப்பட்டால் “சாப்டாச்சா?” என்று இருவரும் கேட்டுக்கொள்வோம். ஆறு வருடத்தில் அப்படி இருபத்து மூன்று தடவை.

நோட்டுகளை வெள்ளிக்கிழமை முழுவதும் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. நாளுக்கு ஒரு பக்கம், தேதி, எண். நோட்டுக்கு இருநூறு பக்கம், ஒன்பது நோட்டு நிறைந்து, பத்தாவதில் பதினோரு பக்கம். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று. கணக்குப்படி இன்னும் முப்பத்தொன்று இருந்திருக்க வேண்டும், அது ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்கள். எந்தப் பக்கத்திலும் சிவப்புக் கோடு இல்லை. சரி என்ற குறியும் இல்லை. கோடு போட ஆள் வைத்திருந்தவர், ஆள் இல்லாதபோதும் தன் கையால் போடவில்லை.

ஐந்தாவது நோட்டில்தான் முதலில் அதைக் கண்டேன். பதினோராம் வருடத்து மெட்டு, புது எண்ணோடு. ஏழாவது நோட்டில் இரண்டு. எட்டில் இரண்டு. ஒன்பதாவதில் நான்கு. கடைசி இரண்டுக்கும் நடுவில் எட்டே நாள். ஒவ்வொரு தடவையும் அன்றுதான் பிறந்ததுபோல நிதானமான கையெழுத்து. ஒன்பது விடிகாலைகளில் அந்த மனிதர் தனியே ஆர்மோனியத்தின் மேல் உள்ளங்கையால் தட்டியிருப்பார். நான் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவர் எனக்கு ஒரு துண்டு ரொட்டி கூடுதலாக வைத்திருப்பார்.

இன்று சனிக்கிழமை. வானம் வெளுத்திருக்கிறது, மழை இல்லை. காலை ஏழு மணிக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். பிளேடால் பென்சிலைச் சீவினேன், அது எட்டரை சென்டிமீட்டர் ஆயிற்று. ஒன்பது பக்கத்திலும் மூலைக்கு மூலை கோடு போட்டேன். மீதி ஆயிரத்து எண்ணூற்று இரண்டையும் வாரத்துக்கு ஆறாக முனகிப் பார்க்க வேண்டும். இன்றைய ஆறில் மூன்று எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வேகத்தில் முடிக்க இன்னும் ஐந்தே முக்கால் வருடம் ஆகும். எனக்கு எழுபத்தெட்டு.

அன்று ‘புதுசு’ என்று நான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஆன மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தேன். அந்தக் கேரலிலிருந்து அவர் கண் மூடியது வரை, முந்நூற்று ஏழு சனிக்கிழமை.