எந்தக் கோயில் மொட்டை?

தொண்ணூறுகளின் நடுவில் என் ஏழு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. திருநெல்வேலியில் எங்களுக்கு அதற்கு வைத்தியம் கிடைக்காததால் மெட்ராஸுக்கு ரயிலேறுவோம். மருந்தில் அவள் முடியெல்லாம் கொட்டிவிட்டது. யார் கேட்டாலும், "திருச்செந்தூர்ல மொட்டை போட்டோம்" என்பேன். நோயின் பேரைச் சொன்னால் நாளைக்கு அவளை எவன் கட்டுவான் என்ற பயம். காய்ச்சல் விட்டு அவள் தெளிந்துவிட்டதால், இந்தத் தடவையோடு வைத்தியத்தை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு.

அன்று ரயிலில் எதிரே எங்கள் ஊர்ப் பேட்டைப் பகுதியைச் சேர்ந்த பாய் ஒருவர் மகளோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளையின் முக்காடு நழுவியது. தலையில் ஒரு முடிகூட இல்லை.

"ஏட்டி, நீயும் திருச்செந்தூர்ல மொட்டை போட்டியா?" என்று என் மகள் கேட்டுவிட்டாள்.

பாய் சிரித்தார். "இல்லம்மா, மருந்துல கொட்டிட்டு. எங்களுக்கு அப்படிச் சொல்லவும் வழியில்லயே."

"இவளுக்கும் அதேதான், அண்ணாச்சி" என்றேன். "இப்ப சொகமாயிட்டு. நிறுத்திரலாம்னு இருக்கோம்."

அவர் சிரிப்பு நின்றது. "நாங்களும் அப்படித்தான் பாதியில நிறுத்தினோம். நோய் திரும்பிட்டு. வெளிநாட்டுல இருக்க என் தம்பி சொல்லுதான், அங்கன பெரும்பாலான பிள்ளைங்க பொழைச்சிருதாம். நோய் ஒண்ணுதான். நமக்கு ஆஸ்பத்திரிதான் தூரம். நிறுத்தாதீங்கம்மா."

நாங்கள் நிறுத்தவில்லை. ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னும் முடி வளரலியே, மறுபடியும் மொட்டையா? எந்தக் கோயில்?" என்றார்.

"கோயில் இல்லக்கா. புத்துநோய். மருந்து முடியுத வரைக்கும் மெட்ராஸ் போவோம்."

எல்லோரும் திருச்செந்தூர் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கேயே மருந்து வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்?