பாலம் தாண்டியதும் வருகிற ஸ்டேஷன்

அப்பா போனபிறகு அம்மாவைத் தூத்துக்குடி வீட்டில் தனியாக விட எங்களுக்கு மனம் வரவில்லை. நானும் அக்காவும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு மாதம் வண்ணார்பேட்டையில் என் வீடு, மறுமாதம் அம்பாசமுத்திரத்தில் அக்கா வீடு. இடையில் செங்கோட்டை போகிற ரயில். ஆற்றை ஒட்டி, வயலும் வாழைத்தோட்டமுமாகப் போகிற அந்தப் பாதை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் வாயே திறக்கமாட்டாள்.

முதல் சில தடவை அக்காவே வந்து கூட்டிப்போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தையல் வகுப்பு இருந்தது. நான்தான் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. டிவியில் கிரிக்கெட் இருந்தது. கடையில் வேலை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் மொபைல் கடைக்கு விடுமுறை என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜங்ஷனில் அம்மாவை ஏற்றி உட்காரவைத்தேன்.

“எங்கன எறங்கணும்?” என்று கேட்டாள். முன்பு போனபோதெல்லாம் அக்காதான் எழுப்பி இறக்கியிருக்கிறாள்.

“ஆத்துப்பாலம் ஒண்ணு வரும்மா. அதத் தாண்டுனதும் வார ஸ்டேஷன்ல எறங்கிரு. அக்கா நிப்பா.”

“பாலம் தாண்டுனதும்.”

“ஆமா.”

வண்டி நகர்வதற்குள் நான் வெளியே போகிற படியில் ஏறிவிட்டேன். டாஸ் போடும் நேரம்.

அக்காவின் போன் வந்தபோது ஆட்டம் சூடுபிடித்திருந்தது. “ஏலே, அம்மா எறங்கலை. எல்லாப் பெட்டியிலயும் ஏறிப் பாத்துட்டேன். நீ ஏத்திவிட்டியா இல்லியா?” அம்மாவின் போனுக்கு அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போவது என்று தெரியாமலே பேட்டை ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன்.

போகும் வழியில் அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது வேறொரு பெண். “தம்பி, ஒங்க அம்மா சேரன்மகாதேவி ஸ்டேஷன்ல இருக்காவ. பயப்படாம வாங்க. பையில போன் அடிச்சது அவ்வொளுக்குக் கேக்கல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தடத்தில் ரயில் ஆற்றை இரண்டு முறை கடக்கிறது. சேரன்மகாதேவிக்கு முன்னால் ஒரு பாலம். கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி இன்னொன்று. நான் நினைத்துச் சொன்னது இரண்டாவதை. அம்மா எண்ணி இறங்கியது முதலாவதில். எத்தனையோ தடவை அந்த வண்டியில் போயிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் அவள்.

பிளாட்பாரப் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் கறுப்புப் பர்தா போட்ட ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தார். பத்தமடைக்காரர். அதே ரயிலில் வந்து இறங்கியவர், அம்மா தனியாக நிற்பதைப் பார்த்து, தன் ஊர் பஸ்ஸை விட்டுவிட்டுக் கூடவே இருந்திருக்கிறார். டீயும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

“அவ்வொ தடுமாறலை தம்பி. எம்மவன் சொன்ன எடத்துலதான் எறங்குனேன், மவ வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ” என்றார். கோபமோ கேலியோ இல்லை. அதனாலேயே என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நன்றி என்று ஏதோ முனகினேன்.

அம்மா கிடைத்ததை அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டு, அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். வீரவநல்லூரைத் தாண்டும்போது என் தோளைத் தொட்டு, “பாலம் தாண்டுனதும்னுதானல சொன்னே?” என்றாள். காற்றில் கேட்காததுபோல இருந்துவிட்டேன். மறுபடி அவள் கேட்கவில்லை.

வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள். அழுதிருந்தாள். “என்னலே ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் தடுமாறிட்டாவ. வயசாயிட்டுல்லா” என்றேன். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தது. அம்மா இனித் தனியாக எங்கும் போகக் கூடாது என்றாள் அக்கா. அடுப்புப் பக்கம் விடவில்லை. கோயிலுக்குப் போனாலும் துணைக்கு ஆள். நான் அங்கே போயிருந்த ஒருநாள், சட்டைப் பித்தான் ஒன்றை அம்மா எங்கோ வைத்துவிட்டுத் தேடியபோது, அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நானும் பார்த்தேன் என்பதுதான் விஷயம்.

மறுமாதம் என் வீட்டில் ஒருநாள் அம்மா கேட்டாள். “எனக்கு மறதி வந்துட்டோ? கேஸ அணச்சனான்னு ரெண்டு தடவ போய்ப் பாத்தேன்.” தன்மீதே நம்பிக்கை போன குரல். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தேன். அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். “ஒனக்கு மறதி இல்லம்மா. நான்தான் தப்பாச் சொன்னேன். அங்க ரெண்டு பாலம் இருக்கு.”

“நான் ஒங்கக்காட்ட அன்னைக்கே சொன்னேன். நீ சொல்லலியே, அவ எப்பிடி நம்புவா?”

அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் திட்டவில்லை. “அவ்வொ சொல்லச் சொல்ல நான் தலையத் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தேம்ல, பிள்ளையச் சமாதானப்படுத்துத மாதிரி” என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

இப்போது அம்மா அடுப்பில் காபி போடுகிறாள், கோயிலுக்குத் தனியே போகிறாள். ரயிலில் மட்டும் தனியாகப் போக மாட்டேன் என்கிறாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. “எதுக்கு வம்பு, நீயே வா” என்கிறாள். அதனால் மாதம் தவறாமல் நான் கூடப் போகிறேன். அவளுக்கு எதிர் இருக்கை.

போன முறை பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். “இந்தக் காலத்துல யாரு இப்பிடிக் கூட்டிட்டுப் போயி விடுதா? குடுத்து வச்சவங்க நீங்க” என்றார் அம்மாவிடம்.

அம்மா சிரித்தாள். “ஆமா, எம்மவன் தங்கம்” என்றாள். அதை மனமாரத்தான் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் வாசற்கதவருகே நின்றுகொண்டேன்.